அம்மாவின் தைரொயிட் ரிப்போர்ட்: 14.2 இருந்தது 1.0 ஆயிருச்சு, யாராவது விளக்குங்க

கொழுந்துக்கூடை · மார்ச் 4, இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். பொகவந்தலாவை பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். அம்மாவுக்கு 54 வயசு, இன்னமும் கொழுந்து மலைக்குப் போறாங்க. தைரொயிட் குறைவுக்கு ரெண்டு வருசமா தைரொக்சின் 50 மைக்ரோகிராம் குளிசை குடிக்கிறாங்க. போன வருசம் முழுக்க நல்லாத்தான் இருந்தாங்க. இந்த ரெண்டு மாசமா ஆள் சரியில்ல. மலையில இருந்து வந்ததும் கம்பளிய போத்திக்கிட்டு படுத்துர்றாங்க, மலச்சிக்கல், முடி கொத்துக் கொத்தா வருது. போன கிழமை அரைப்பேருதான் (அரைநாள் சம்பளம்) விழுந்துச்சு, கொழுந்து எட வரல.

கிளினிக் நாளுக்கு இன்னும் மூணு கிழமை இருக்கு. என்னால பொறுக்க முடியாம டவுன்ல ஒரு லேப்புல காசு கட்டி டெஸ்ட் எடுத்தேன்.

இப்ப வந்தது: டிஎஸ்எச் 9.8 (0.4 – 4.0), எஃப்டி4 1.0 (0.8 – 1.8)
ஆறு மாசத்துக்கு முந்தி ஆஸ்பத்திரியில: டிஎஸ்எச் 3.4, எஃப்டி4 14.2 (12 – 22)

டிஎஸ்எச்சுக்குப் பக்கத்துல பெரிசா ‘எச்’ போட்டு வட்டம் போட்டிருக்கு. அத விட எனக்குப் பயம் மற்றது. 14.2 இருந்தது 1.0 ஆகிருச்சே? லேப்புல கேட்டா டொக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லி அடுத்த ஆள கூப்பிட்டுட்டாங்க. மாமா ரெண்டு குளிசையா குடிக்கச் சொல்றாரு. நாளைக்குக் காலையிலயே அப்படிக் குடுக்கலாமா?

பண்டாரவளை டீச்சர் · மார்ச் 4, இரவு 10.41

தங்கச்சி, முதல்ல இதைக் கேளுங்க: நாளைக்கு ரெண்டு குளிசை கொடுக்க வேணாம். நானும் 11 வருசமா தைரொக்சின் குடிக்கிறவள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரங்க பேச்சைக் கேட்டு நானாகவே கூட்டிக் குடிச்சேன். ரெண்டு கிழமையில நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சிருச்சு, கை நடுங்கி கரும்பலகையில எழுத முடியல. அம்மா வயசுல தேவைக்கு மேல போனா இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். 9.8 இன்றைக்கு ராத்திரியே ஆளைக் கொண்டு போற எண் இல்லை. நிம்மதியா தூங்குங்க.

அம்மா குளிசையை எத்தனை மணிக்கு, எதோட குடிக்கிறாங்க? அதை மட்டும் கவனிச்சு எழுதுங்க.

நுண்ணோக்கி · மார்ச் 5, காலை 6.05

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். டொக்டர் இல்லை, அதனால் மருந்தின் அளவைப் பற்றிப் பேச மாட்டேன். எண்களை எப்படி வாசிப்பது என்று சொல்ல முடியும்.

அக்கா, 14.2 குறைந்து 1.0 ஆகவில்லை. இரண்டு ரிப்போர்ட்டிலும் அளவை வேறு. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பின்னால் ‘பிகோமோல், லீட்டருக்கு’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். டவுன் லேப்பில் ‘நனோகிராம், டெசிலீட்டருக்கு’ என்று இருக்கும். எடுத்துப் பாருங்கள். நனோகிராம் கணக்கை 12.87ஆல் பெருக்கினால் பிகோமோல் கணக்கு வரும். உங்கள் 1.0 என்பது 12.9. டி4 என்பது தைரொயிட் சுரக்கிற தைரொக்சின் ஹோமோன்தான்; எஃப்டி4 என்பது அதில் இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கிற பகுதி. ஆக அம்மாவின் டி4 14.2இலிருந்து 12.9க்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். கொழுந்தை ஒரு நாள் இறாத்தலிலும் மறுநாள் கிலோவிலும் நிறுத்துவிட்டு பாதி காணாமல் போய்விட்டது என்று பதறுவது மாதிரி. ரிப்போர்ட்டில் அடைப்புக்குள் இருக்கும் எல்லைகளே வேறாக இருப்பதைக் கவனித்தீர்களா? 0.8 – 1.8 ஒன்று, 12 – 22 ஒன்று. எல்லை மாறினால் அளவையும் மாறியிருக்கும் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். டிஎஸ்எச்சில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு லேப் ‘மில்லி யூனிட், லீட்டருக்கு’ என்று போடும், இன்னொன்று ‘மைக்ரோ யூனிட், மில்லிலீட்டருக்கு’ என்று போடும். இரண்டுக்கும் எண் ஒன்றுதான்.

இனி டிஎஸ்எச். இது தைரொயிட் சுரப்பி சுரக்கிறது இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி அனுப்புகிற சத்தம். என் அப்பா கங்காணியாக இருந்தவர், அதனால் எனக்கு இப்படித்தான் விளங்கும்: பிட்யூட்டரி கங்காணி, தைரொயிட் கொழுந்து எடுக்கிற ஆள், டி4 தராசில் விழுகிற எடை. எடை குறைந்தால் கங்காணியின் சத்தம் கூடும். எடை அளவுக்கு மேல் வந்தால் கங்காணி வாயைத் திறக்கவே மாட்டார். அதனால்தான் டிஎஸ்எச் கூடினால் தைரொயிட் குறைவு, குறைந்தால் தைரொயிட் கூடுதல். தலைகீழாக இருப்பதால் நிறையப் பேர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். ‘எச்’ என்று கண்டவுடன் தைரொயிட் கூடிவிட்டது என்று குளிசையை நிறுத்தியவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சத்தம் மிகவும் கூர்மையானது. டி4 இரண்டு மடங்கு மாறினால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரைக்கும் மாறும். டி4 எல்லைக்குள்ளேயே கொஞ்சம் இறங்கியதும் அம்மாவின் டிஎஸ்எச் 3.4இலிருந்து 9.8க்கு ஏறியது அதனால்தான். குளிசை குடிக்காத ஒருவருக்கு டிஎஸ்எச் கூடி டி4 சரியாக இருந்தால், சுரப்பி தளர ஆரம்பித்திருக்கிறது, ஆனால் இன்னும் சமாளிக்கிறது என்று பொருள். டி4உம் எல்லைக்குக் கீழே போனால் குறைபாடு முற்றிவிட்டது. டிஎஸ்எச் அடியில் கிடந்து டி4 கூடினால் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இரண்டுமே குறைவாக இருந்தால் கங்காணிக்கே சுகமில்லை, அதாவது பிட்யூட்டரியைப் பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலில், வார்ட்டில் படுத்திருக்கும்போது எடுத்த டெஸ்டிலும் இப்படி வரலாம். அதை உடம்பு தேறிய பிறகு திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

ஆனால் உங்கள் அம்மா குளிசை குடிக்கிறவர். குடிக்கிறவருக்கு டிஎஸ்எச் ஏறினால் கேள்வி வேறு: அளவு போதவில்லையா, அல்லது குளிசை உடம்பில் சேரவில்லையா? டீச்சர் கேட்டது அதனால்தான்.

கொழுந்துக்கூடை · மார்ச் 5, காலை 6.50

அண்ணே, சின்ன எழுத்தப் பார்த்தேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு. ராத்திரி முழுக்க அழுதுக்கிட்டு இருந்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

டீச்சர், இன்னைக்குக் காலையில அம்மாவோடயே எழும்பி பார்த்தேன். 4.30க்கு எழும்பி அடுப்பு மூட்டுனாங்க. கேத்தில் கொதிச்சதும் பிளேன்டீ ஊத்தி, சீனிய கையில வச்சுக்கிட்டு, அடுப்புக்கு மேல ராக்கையில இருக்கிற பழைய பால்மா டின்ன எறக்குனாங்க. அதுக்குள்ள தைரொக்சின் கடதாசி உறை, ரத்தம் குறைவுன்னு போன தடவை கிளினிக்ல குடுத்த இரும்புச்சத்து குளிசை, கல்சியம் குளிசை. மூணையும் உள்ளங்கையில கொட்டி ஒரே மடக்குல பிளேன்டீயோட முழுங்கினாங்க. ‘எல்லாத்தையும் ஒண்ணா போட்டாத்தான் மறக்காது’ன்னு சொல்றாங்க. இரும்புச்சத்து குளிசை தொடங்கி சரியா ரெண்டு மாசம் ஆகுது.

நுண்ணோக்கி · மார்ச் 5, காலை 7.02

அக்கா, உங்கள் கேள்விக்கு அந்த டின்னிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரும்பும் கல்சியமும் வயிற்றுக்குள் தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலில் சேர விடாது. குறைந்தது நான்கு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். தேத்தண்ணி, கோப்பியும் கொஞ்சம் தடுக்கும். தைரொக்சினை வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணியோடு குடித்து, அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், வேறெதுவும் குடிக்காமல் இருக்க வேண்டும். இன்னொன்று, அடுப்புக்கு மேல் சூடும் புகையும் ஈரமும். குளிசை அங்கே இருக்கவே கூடாது.

மற்றக் குளிசை இரண்டையும் நிறுத்த வேண்டாம். அம்மாவுக்கு இரத்தமும் தேவை. நேரத்தை மட்டும் பிரியுங்கள். இன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரியில் இதைச் சொல்லுங்கள், முடிந்தால் கிளினிக்குக்கும் முன்கூட்டியே போங்கள்.

பழைய லயம் · மார்ச் 5, பகல் 1.15

வயசானவன் ஒரு வார்த்தை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என் பாட்டிக்குக் கழுத்துல தேங்காய் அளவுக்குக் கழலை இருந்தது. அந்தக் காலத்துல லயத்துக்கு லயம் அப்படி ஒரு ஆள் இருப்பாங்க. எல்லாம் அயடீன் இல்லாத கொறைதான். கடல்மீன், கடல்பாசி, அயடீன் உப்பு நல்லா சாப்பிட்டா குளிசையே வேணாம்னு நினைக்கிறேன். கோவா, மரவள்ளிக் கிழங்கு இதெல்லாம் தொடக்கூடாது. நுவரெலியாவுல கோவா திங்காம யாரு இருக்கா, அதான் எல்லாருக்கும் இந்த வியாதி.

பண்டாரவளை டீச்சர் · மார்ச் 5, பகல் 2.30

ஐயா, உங்க பாட்டி காலத்துக்கு நீங்க சொல்றது சரிதான். மலையிலும் ஈரவலயத்திலும் மழை மண்ணில் இருக்கிற அயடீனை அடிச்சிட்டுப் போயிரும். அதனால்தான் 1995இல் நம்ம நாட்டுல விற்கிற உப்புக்கு அயடீன் சேர்க்க வேணும்னு சட்டம் வந்தது. இப்ப கடையில வாங்குற உப்புல அது இருக்கு. ஆனா நாம உப்பை மண்சட்டியில தண்ணி ஊற்றி வைக்கிறோம், திறந்து கிடக்கும், கறி கொதிக்கும்போதே போடுறோம். மூடி உள்ள பாத்திரத்துல காய வச்சு, கறி இறக்குறப்போ போட்டா அயடீன் வீணாகாது.

இப்ப எங்களை மாதிரி பெரியவங்களுக்கு வர்றது பெரும்பாலும் வேற வியாதி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குது. 1912இல் ஜப்பானைச் சேர்ந்த ஹஷிமோட்டோ என்ற டொக்டர் இதை முதல்ல விவரிச்சார், அவர் பேரிலேயே சொல்றாங்க. எனக்கு அதுதான். டிபிஓ என்று ஒரு எதிர்ப்பொருள் டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிச்சாங்க. இதுக்கு அயடீனை அள்ளிப் போட்டா சரியாகாது, சிலருக்கு இன்னும் மோசமாகும். கோவாவும் மரவள்ளியும் அவிச்சு அளவோட சாப்பிடலாம். நான் 11 வருசமா கோவா சுண்டல் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கிறேன், என் டிஎஸ்எச் அதனால ஏறல.

உங்க பாட்டிக்கு அந்தக் கழலை எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். அந்தக் காலத்துல அவங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கக்கூட வழி இல்லையேன்னு நினைக்க மனசு வலிக்குது.

பழைய லயம் · மார்ச் 5, மாலை 6.10

ஆமா மகள். விழுங்கவே முடியாம கஞ்சிதான் குடிச்சாங்க. நீங்க சொல்றத ஏத்துக்கிறேன். உப்புச் சட்டிய இன்னைக்கே மாத்தச் சொல்லிட்டேன்.

நாவலப்பிட்டி நிலா · மார்ச் 7, காலை 9.40

இடையில கேக்கிறேன், மன்னிக்கணும். நான் ஒன்பது கிழமை கர்ப்பம். டிஎஸ்எச் 0.2 வந்து ‘எல்’ போட்டிருக்கு. இதுவரைக்கும் தைரொயிட் வருத்தம் எதுவும் இல்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

நுண்ணோக்கி · மார்ச் 7, காலை 11.20

தங்கச்சி, பயப்படாதீர்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் சுரக்கிற எச்சிஜி என்ற ஹோமோன், டிஎஸ்எச் மாதிரியே தைரொயிட்டைத் தூண்டும். வேலை நடப்பதைப் பார்த்து கங்காணி சத்தத்தைக் குறைப்பார். அதனால் இந்தக் காலத்தில் டிஎஸ்எச் குறைவது நிறையப் பேருக்கு நடக்கிறது. ரிப்போர்ட்டில் உள்ள எல்லை கர்ப்பம் இல்லாதவர்களுக்கு உரியது. அதற்காக விட்டுவிடவும் கூடாது. எஃப்டி4 எடுத்தார்களா? கூடுதல் வாந்தி, நெஞ்சுத் துடிப்பு, எடை குறைவது உண்டா? மிட்வைஃப் அக்காவிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, இந்தக் கிழமையே டொக்டரைப் பாருங்கள்.

எஃப்டி4 என்று கேட்டு எடுங்கள். வெறும் டி4 என்று எடுத்தால் கர்ப்பத்தில் தானாகவே கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் டி4ஐச் சுமக்கிற புரதம் இரத்தத்தில் கூடிவிடும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை குடிக்கிறவர்களுக்கும் அதே கதை.

பண்டாரவளை டீச்சர் · மார்ச் 7, பகல் 12.05

ஏற்கனவே தைரொக்சின் குடிக்கிற பெண்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு இது நேர்மாறு. கர்ப்பம்னு தெரிஞ்ச அன்றைக்கே கிளினிக்கில சொல்லுங்க. தேவை கூடும், அளவைக் கூட்டுவாங்க. முதல் மாதங்கள்ல பிள்ளையின் மூளை வளர்றதுக்கு அம்மாவின் தைரொக்சின்தான் போகுது. யாராவது ‘கர்ப்பத்துல மருந்து குடிக்கக்கூடாது’ன்னு சொல்லி நிறுத்த வைப்பாங்க. கேட்காதீங்க. பிள்ளை பிறந்ததும் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பாங்களே, அதுவும் பிள்ளைக்குத் தைரொயிட் குறைவு இருக்கான்னு பார்க்கத்தான். பிள்ளை அழுதுன்னு அதை வேணாம்னு சொல்லிடாதீங்க.

ஊவாக் காற்று · மார்ச் 8, இரவு 8.30

எனக்குக் கூடுதல் தைரொயிட். ஹப்புத்தளையிலிருந்து எழுதுகிறேன். தைரொயிட்டை அடக்குகிற கார்பிமசோல் குளிசை தொடங்கி நான்கு மாதம். எஃப்டி4 இறங்கி எல்லைக்குள் வந்துவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. டிஎஸ்எச் மட்டும் இன்னும் 0.01. மருந்து வேலை செய்யவில்லையோ?

நுண்ணோக்கி · மார்ச் 8, இரவு 9.15

மாதக்கணக்கில் அடங்கிக் கிடந்த டிஎஸ்எச் எழும்ப நாள் எடுக்கும், எஃப்டி4 சரியான பிறகும் மாதக்கணக்கில் கீழேயே கிடக்கலாம். ஆரம்ப மாதங்களில் டொக்டர்கள் எஃப்டி4ஐயும், தைரொயிட்டின் மற்ற ஹோமோனான டி3ஐயும் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டிக் குறைப்பார்கள். ஒன்று முக்கியம், இதை மறக்க வேண்டாம் அண்ணா: கார்பிமசோல் குடிக்கும்போது தொண்டை நோவு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெள்ளணு எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்தால் அரிதாக வெள்ளணு அடியோடு குறைந்துவிடும். மழைக் காய்ச்சல்தானே என்று கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

மஸ்கெலியா மழை · மார்ச் 9, காலை 7.45

என் அனுபவம் ஒன்று. முடி கொட்டுதுன்னு பாமசியில முடிக்கும் நகத்துக்கும் உள்ள குளிசை வாங்கி குடிச்சேன். ரிப்போர்ட்டுல டிஎஸ்எச் அடிமட்டம், எஃப்டி4 உச்சம். தைரொயிட் கூடிருச்சுன்னு வீடே கலங்கிருச்சு. கிளினிக் டொக்டர் மட்டும் என் கையைப் பிடிச்சு நாடி பார்த்து, ‘உங்க உடம்பு இந்த ரிப்போர்ட் சொல்ற மாதிரி இல்லையே, வேற என்ன குடிக்கிறீங்க?’ன்னு கேட்டார். அந்தக் குளிசையில் பயோட்டின்னு ஒரு விற்றமின் நிறைய இருக்காம், சில மெஷினோட கணக்கை அது குழப்பிருமாம். ஒரு கிழமை நிறுத்திட்டு திரும்ப எடுத்தோம், ரெண்டும் சரி. கொழுந்துக்கூடை அக்கா, அம்மாவுக்கும் முடி கொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க, அதான் சொல்றேன்.

கொழுந்துக்கூடை · மார்ச் 9, இரவு 9.00

நல்லவேளை சொன்னீங்க. வாங்கலாம்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

டிஸ்பென்சரியில சொன்னேன், அவர் ஒரு கடிதம் எழுதிக் குடுத்து இன்னைக்கே கிளினிக்குக்கு அனுப்பினார். பால்மா டின்னையும் கையோட கொண்டு போனேன். டொக்டர் டின்ன திறந்து பார்த்துட்டு, ‘நல்ல வேலை செஞ்சிங்க மகள்’னு சொன்னாங்க. தைரொக்சின் அளவ மாத்தல. முதல்ல குடிக்கிற முறைய சரி பண்ணி, எட்டு கிழமை கழிச்சு அதே ஆஸ்பத்திரியிலயே டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. இரும்பு பகல் சாப்பாட்டோட, கல்சியம் ராத்திரிக்கு. ஆனா எட்டு கிழமை ஏன்? ஒரு மாசத்துல பார்க்கக் கூடாதா?

நுண்ணோக்கி · மார்ச் 10, காலை 6.10

தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு கிழமை எடுக்கும். ஒரே அளவில் நிலைத்து நிற்க ஐந்தாறு கிழமை வேண்டும், கங்காணியின் சத்தம் அதற்குப் பிறகுதான் அடங்கும். அவசரப்பட்டு எடுத்தால் பாதி வழியில் நிற்கிற எண்ணைப் பார்த்துத் திரும்பவும் பயப்படுவீர்கள். இதே காரணத்தால்தான் கிளினிக் நாள் நெருங்கும்போது மட்டும் ஒழுங்காகக் குடிக்கிறவர்களின் ரிப்போர்ட்டில் டி4 சரியாகவும் டிஎஸ்எச் கூடவும் வருகிறது. டி4 கடந்த சில நாளைச் சொல்லும், டிஎஸ்எச் கடந்த சில கிழமையைச் சொல்லும்.

டெஸ்ட் அன்றைக்கு இரத்தம் கொடுத்த பிறகு தைரொக்சினைக் குடிக்கச் சொல்லுங்கள், குளிசை குடித்துச் சில மணித்தியாலம் எஃப்டி4 கூடிக் காட்டும். நேரமும் போன தடவை மாதிரி காலையாகவே இருக்கட்டும். டிஎஸ்எச் விடிய கூடி, பின்னேரம் குறையும். இதற்குப் பட்டினி இருக்கத் தேவையில்லை.

கொழுந்துக்கூடை · மே 12, இரவு 8.15

இவ்வளவு நாள் கழிச்சு வர்றேன், மறந்துட்டேன்னு நினைச்சிருக்காதீங்க.

டிஎஸ்எச் 2.9, எஃப்டி4 15.1 (12 – 22). அதே தைரொக்சின் 50தான், ஒரு மைக்ரோகிராம்கூட கூட்டல.

முதல் கிழமை அம்மாவோட சண்டைதான். பிளேன்டீ இல்லாம அடுப்படியில நிக்க முடியாதுன்னு சொன்னாங்க. பிறகு நானே ஒரு வழி பண்ணினேன். தைரொக்சின் உறைய மூடி உள்ள சின்ன போத்தல்ல போட்டு, தண்ணி போத்தலோட தலைமாட்டுல வச்சேன். 4.30க்கு எலாம் அடிச்சதும் படுக்கையிலயே குடிச்சுருவாங்க. அதுக்குப் பிறகுதான் முகம் கழுவி, அடுப்பு மூட்டி, ரொட்டிக்கு மா பிசையிறது. தேத்தண்ணி கைக்கு வரும்போது 5.15 ஆகிரும். பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற இடம்) போறதுக்கு நேரம் தாராளமா இருக்கு. இரும்புக் குளிசைய சாப்பாட்டுப் பார்சலோட முடிஞ்சு குடுத்துவிடுறேன், மலையில பகலைக்குக் குடிக்கிறாங்க, தேசிக்காய் தண்ணியோட. கம்பளிய மடிச்சு பெட்டியில வச்சாச்சு. போன மாசம் ஒரு அரைப்பேரும் இல்ல.

இன்னொரு விசயம். அம்மா மலையில மத்தவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நேத்து ராத்திரி மேட்டு லயத்துல இருந்து ரெண்டு பேர் ரிப்போர்ட்டத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. ஒரு அக்காவுக்கு டிஎஸ்எச் 6.1, எஃப்டி4 13.8, வேற வருத்தம் ஒண்ணும் சொல்லல, இதுவரைக்கும் குளிசை எதுவும் குடிக்கல. முதல்ல சின்ன எழுத்துல அளவையப் பார்த்தேன், பிகோமோல்தான். டிபிஓ எடுக்கணுமான்னு கிளினிக்ல கேக்கச் சொன்னேன். சரியா சொன்னேனா அண்ணே?

நுண்ணோக்கி · மே 12, இரவு 8.40

சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள் அக்கா. அவருக்கு டிஎஸ்எச்சையும் இரண்டு மூன்று மாதத்தில் இன்னொரு முறை எடுப்பார்கள், இந்த அளவு பலருக்குத் தானாகவே இறங்கியும் விடும். பிள்ளை பெறும் வயது என்றால் அதையும் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள்.